முதல் முறை பட்டினி முகாமுக்குப் போகிறீர்களா? 30 மணி நேரத்துக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் காலையில் யாரைப் பார்த்தாலும் நம் வாயில் முதலில் வருவது "பசியாறிட்டீங்களா?" என்ற கேள்விதான். படிவம் நான்கு படிக்கும்போது நான் போன முதல் பட்டினி முகாமில், இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு, முகம் கழுவிவிட்டு வந்த தோழியிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். முதல் நாள் மதியம் 12 மணிக்குப் பிறகு அந்த மண்டபத்தில் யாரும் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. தினமும் நாம் கேட்கும் அந்த வார்த்தையில் பசி என்ற சொல் இருப்பதே அன்றுதான் என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு இன்னொரு முறை பங்கேற்பாளராகவும், நான்கு முறை உதவியாளராகவும் இப்படிப்பட்ட முகாம்களுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக வருகிறவர்கள் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பத் தயங்கும் அப்பா அம்மாவுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது என்ன முகாம்?

1971-இல் கனடாவின் கால்கரி நகரில் ஓர் இளைஞர் குழு, பசியில் வாடும் மக்களை மற்றவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும் என்பதற்காகச் சேர்ந்து உண்ணாமல் இருந்தது. அதுதான் தொடக்கம். பிறகு வேர்ல்ட் விஷன் என்ற தொண்டு நிறுவனம் அதை '30 மணி நேரப் பட்டினி' என்ற பெயரில் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. ஆஸ்திரேலியாவில் 1975 முதல் நடப்பது 40 மணி நேரம். நம் நாட்டில் பெரும்பாலும் 30. பள்ளிகள், கல்லூரிகள், இளைஞர் மன்றங்கள் தாங்களே ஏற்பாடு செய்கிற சிறிய முகாம்களும் உண்டு. வேர்ல்ட் விஷன் கிறிஸ்துவ அமைப்பு என்றாலும், நான் போன முகாம்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். நீங்கள் அங்கே மூன்று வேலை செய்வீர்கள்: சாப்பிடாமல் இருப்பீர்கள், வறுமையைப் பற்றிக் கற்றுக்கொள்வீர்கள், நிதி திரட்டுவீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் விரதம் 'இருக்கிறோம்', பட்டினி 'கிடக்கிறோம்'. இருப்பது நாமே எடுத்த முடிவு. கிடப்பதில் நம் விருப்பம் எதுவும் இல்லை. முகாமின் பெயரில் பட்டினி இருந்தாலும் அங்கே நாம் இருக்கத்தான் போகிறோம், கிடக்கப் போவதில்லை. இந்த வேறுபாடு மனதில் இருந்தால் முகாமில் செய்கிற மற்ற எல்லாவற்றுக்கும் பொருள் புரியும்.

முதல் வேலை: உங்கள் உடம்பு இதற்கு ஒத்துவருமா?

படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள், வயிற்றுப் புண் உள்ளவர்கள், வலிப்பு நோய்க்கு வேளை தவறாமல் மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், இரத்தச் சோகை உள்ளவர்கள், கடந்த வாரம் காய்ச்சலில் படுத்தவர்கள் எல்லாரும் உண்ணாமல் இருக்கக்கூடாது. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளை நான் சேர்க்கவே மாட்டேன்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. உடல் எடையைப் பற்றிக் கவலைப்பட்டு வேண்டுமென்றே சாப்பாட்டைத் தவிர்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தாலோ, முன்பு இருந்து இப்போதுதான் தேறி வருகிறீர்கள் என்றாலோ, தயவுசெய்து உண்ணாமல் இருக்கும் பகுதியில் சேராதீர்கள். நல்ல காரியத்துக்காக என்று சொல்லி மறுபடியும் அந்தக் குழிக்குள் இறங்க வேண்டாம்.

சாப்பிட்டுக்கொண்டே முகாமில் கலந்துகொள்ளலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆஸ்திரேலியாவில் உணவுக்குப் பதிலாகக் கைப்பேசியையோ, நாற்காலி கட்டில் போன்றவற்றையோ, பேச்சையோ விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் முகாமில் சர்க்கரை நோய் உள்ள ஒரு மாணவர் 30 மணி நேரமும் வாய் திறக்காமல் இருந்தார். தனக்கு என்ன தேவை என்று சொல்லமுடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று கடைசியில் அவர் பேசியதுதான் அந்த ஆண்டின் மிக நல்ல பேச்சு.

நிதி கேட்கும்போது

வழக்கமாக ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று உறவினர்களிடமும் அக்கம்பக்கத்திலும் வாக்கு வாங்குவார்கள். நான் இதை இப்போது வேறு மாதிரி செய்யச் சொல்கிறேன். நான் போன ஒரு முகாமில், இடையில் நிறுத்தினால் மீதி மணி நேரத்துக்கான காசு கிடைக்காது என்று ஏற்பாட்டாளர்கள் மேடையிலேயே சொல்லிவிட்டார்கள். என் பக்கத்தில் படுத்திருந்த பெண்ணுக்கு அவள் மாமா மணிக்குப் பத்து ரிங்கிட் தருவதாகச் சொல்லியிருந்தார். இரவு பதினொரு மணியிலிருந்து அவளுக்கு வயிற்று வலி. "இன்னும் எவ்ளோ நேரம் தாங்குனா எவ்ளோ காசு" என்று கணக்குப் போட்டுக்கொண்டே விடியும்வரை யாரிடமும் சொல்லாமல் சுருண்டு கிடந்தாள். காலையில் வாந்தியில் இரத்தம் கலந்து வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் காசு கேட்கும்போது மணிக்கணக்கு வேண்டாம். "நான் இந்த முகாமில் கலந்துகொள்கிறேன், நீங்கள் 30 ரிங்கிட் தருவீர்களா?" என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். நீங்கள் பத்தாவது மணி நேரத்தில் நிறுத்தினாலும் அந்தக் காசு வந்துசேர வேண்டும். பெயர், தொகை, கையெழுத்து எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். இரசீது கொடுக்காத முகாமுக்குக் காசு வசூல் செய்யாதீர்கள்.

வீட்டில் ஒரு பேச்சு

அப்பா அம்மாவிடம் அனுமதி வாங்கும்போதே, வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். இதை நான் ஒரு படியாகவே சேர்க்கிறேன், ஏனென்றால் முகாமில் கேட்ட எந்தச் சொற்பொழிவையும்விட இதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

என் பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் மலாயாவுக்குள் வந்தபோது அவருக்கு எட்டு வயது. 1945-இல் அவர்கள் சரணடையும்வரை, மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல், அரிசி கண்ணில் படுவதே அரிது. மரவள்ளிக்கிழங்குதான் சோறு, அதுதான் பலகாரம், அதன் இலைதான் கறி. முகாமுக்குப் போகப் போகிறேன் என்று நான் சொன்னபோது பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை நாளு?"

"நாளு இல்ல பாட்டி, முப்பது மணி நேரம்."

"எப்ப முடியும்னு தெரியுமா?"

"தெரியும் பாட்டி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு."

"எங்களுக்குத் தெரியாதுடி" என்றார். அப்புறம், "கிழங்கு தீந்து போறது பெரிசில்ல. நாளைக்கும் இப்படியா, அடுத்த மாசமும் இப்படியான்னு தெரியாது பாரு, அதுலயே பாதி உசிரு போயிரும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

முகாமில் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கும் போதெல்லாம் இது நினைவுக்கு வரும். பாட்டியின் இந்தப் பேச்சுக்காக முகாமில் ஒரு பயிற்சியே வைத்திருக்கிறோம், கீழே சொல்கிறேன்.

மூன்று நாள் முன்னதாக

முகாம் சனிக்கிழமை என்றால் புதன்கிழமையே கோப்பி, தேநீர், மைலோ இவற்றைக் குறைக்கத் தொடங்குங்கள். முதல் முறை வருகிறவர்களில் பலரை இரண்டாம் நாள் காலையில் படுக்கவைப்பது பசி இல்லை, கோப்பி கிடைக்காத தலைவலி. தினம் மூன்று கோப்பை குடிப்பவர் இரண்டு, ஒன்று, அரை என்று இறக்கினால் அந்தத் தலைவலி அவ்வளவாக வராது.

நாளைக்குச் சாப்பாடு இல்லையே என்று வெள்ளிக்கிழமை இரவு பிரியாணிக் கடைக்குப் போகாதீர்கள். எண்ணெயும் காரமும் அதிகம் உள்ள சாப்பாடு தாகத்தைத்தான் கூட்டும். கடைசிச் சாப்பாடாக எங்கள் வீட்டில் அம்மா செய்வது இது: சோறு, பருப்பு, ஒரு முட்டை, வேகவைத்த கீரை, ஒரு வாழைப்பழம். சர்க்கரைப் பண்டங்கள் சீக்கிரம் கரைந்துவிடும். பருப்பும் முட்டையும் மெதுவாகத்தான் செரிக்கும்.

பையில் 1.5 லிட்டர் தண்ணீர் போத்தல், போர்வை, தடித்த கம்பளிச் சட்டை, காலுறை, பல்துலக்கி, கோடாலித் தைலம், ஒரு நோட்டுப் புத்தகம், பேனா இருக்கட்டும். கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு எதற்கு என்று தோன்றும். ஆனால் உடம்பில் எரிபொருள் குறையும்போது குளிரெடுக்கும், அதிலும் குளிரூட்டி ஓடும் மண்டபத்தில் அதிகாலை மூன்று மணிக்குப் பற்கள் தந்தியடிக்கும். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் அதையும், அதன் பெயரை எழுதிய தாளையும் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதல் எட்டு மணி நேரம்

மதியம் 12 மணிக்கு முகாம் தொடங்கினால், மாலை வரைக்கும் ஒன்றும் தெரியாது. பேச்சும் சிரிப்புமாகப் போகும். உடல் உழைப்பு உள்ள பயிற்சிகளை இந்த நேரத்திலேயே முடித்துவிட வேண்டும். ஏற்பாட்டாளர்கள் அவற்றை மறுநாளைக்குத் தள்ளினால் தைரியமாகக் கேளுங்கள், ஏன் என்று.

வழக்கமாக இருக்கும் பயிற்சி தண்ணீர் சுமப்பது. பேரிடர் நிவாரண வேலைக்கான பன்னாட்டு அளவுகோல்படி ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 75 லிட்டர். 20 லிட்டர் டப்பாவில் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட நான்கு நடை, ஒவ்வொரு நடைக்கும் 20 கிலோ. நீங்கள் பாதி டப்பா சுமந்தால் போதும், ஓடவேண்டாம். பள்ளித் திடலை ஒரு சுற்று சுற்றி வந்ததும் விரல்களைப் பாருங்கள், கைப்பிடியின் தடம் சிவந்து பதிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

மாலை ஏழு மணிக்கு முதல் பசி அலையாக வரும். இதற்குக் காரணம் உண்டு. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி கிரெலின் என்ற பசிச் சுரப்பு ஏறும், சாப்பிடாவிட்டாலும் சற்று நேரத்தில் இறங்கிவிடும். பசி ஒரே நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போவதில்லை. 'இப்பவே இப்படின்னா நாளைக்கு எப்படி' என்று பயப்படாமல், ஒரு குவளை தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் பொறுங்கள்.

தண்ணீர் விஷயம்: மொத்தத்தில் இரண்டு, இரண்டரை லிட்டரைப் பகிர்ந்து குடியுங்கள். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்துப் பசியை அடக்கப் பார்க்காதீர்கள். சில முகாம்களில் பார்லித் தண்ணீர், சோயாப் பால், பழச்சாறு தருவார்கள், சிலவற்றில் வெறும் தண்ணீர்தான். எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு

நான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் முகாம் என்பதே இரவுதான்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் எல்லாரும் சாப்பாட்டைப் பற்றியே பேச ஆரம்பிப்பார்கள். எந்தக் கடையில் ரொட்டி சானாய் மொறுமொறுவென்று இருக்கும், யார் அம்மா மீன்குழம்பு நன்றாக வைப்பார் என்று. உங்களைத் தடுக்க மாட்டேன். 1944, 45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறிவதற்காக அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்திய சோதனை அது. அவர்களில் பலர் நாள் முழுக்கச் சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்களாம். பசி வந்தால் மனது வேறு எதையும் நினைக்காது. பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கணக்கு ஏன் ஏறவில்லை என்று கேட்கிற ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதன் பிறகு நாங்கள் செய்வது காகித வளையம். கத்தரி, தாள், அடிக்கோல் போதும். ஒரு செண்டிமீட்டர் அகலத்தில் தாளை வெட்டி, 11.5 செண்டிமீட்டர் சுற்றளவு வருகிற மாதிரி வளையமாக ஒட்டுங்கள். பஞ்சம் வந்த இடங்களில் சுகாதாரப் பணியாளர்கள் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மேல்கைச் சுற்றளவை ஒரு வண்ண நாடாவால் அளப்பார்கள். 12.5 செண்டிமீட்டருக்கு மேல் பச்சை. 11.5-க்கும் 12.5-க்கும் இடையில் மஞ்சள். 11.5-க்குக் கீழே சிவப்பு: கடும் ஊட்டச்சத்துக் குறைவு, உடனே மருத்துவம் வேண்டும்.

ஒட்டி முடித்ததும் ஒரு பிங்பாங் பந்தை எடுத்து அந்த வளையத்துக்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாது. பந்தின் சுற்றளவே 12.5-க்குக் கொஞ்சம் கூட. முதல் முறை இதைச் செய்தபோது பந்து பெரிதாக இருக்கிறதா, நான்தான் தப்பாக அளந்தேனா என்று மூன்று முறை அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பையன் வளையத்தை வாங்கித் தன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் உள்ளே விட்டுப் பார்த்தான். அப்புறம் எதுவும் பேசாமல் திருப்பிக் கொடுத்தான். அவன் வீட்டில் இரண்டு வயதுத் தம்பி இருந்தான் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சிவப்பில் இருக்கும் பிள்ளைகளை இப்போது பெரும்பாலும் வீட்டில் வைத்தே தேற்ற முடிகிறது. வேர்க்கடலை விழுது, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், உயிர்ச்சத்துகள் கலந்த 92 கிராம் பொட்டலம், ஒன்றில் 500 கலோரி. தண்ணீர் சேர்க்க வேண்டாம், சமைக்க வேண்டாம், பிரித்து அப்படியே பிள்ளை வாயில் வைக்கலாம். ஆந்த்ரே பிரியான் என்ற பிரெஞ்சுக் குழந்தை மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்ற உணவுப் பொறியாளரும் 1996-இல் உருவாக்கியது. ஒரு பிள்ளை தேற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், ஏறக்குறைய 150 பொட்டலங்கள் கொண்ட ஓர் அட்டைப்பெட்டி. நீங்கள் திரட்டும் காசு எங்கே போகும் என்று அத்தை மாமா கேட்டால், இந்த மாதிரித் திட்டமான பதில் சொல்ல முடிய வேண்டும்.

இனி கடிகாரப் பயிற்சி. இரவு 11 மணிக்குக் கைப்பேசி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவோம். சுவர்க்கடிகாரத்தின்மேல் துணி போட்டு மூடுவோம். எப்போது எடுப்போம் என்று சொல்ல மாட்டோம். பொறுப்பாளர்கள் இருவரிடம் மட்டும் நேரம் இருக்கும், விழித்திருந்து எல்லாரையும் கவனிப்பார்கள். முதல் அரை மணி நேரத்திலேயே மண்டபம் மாறிவிடும். "மணி என்ன இருக்கும்க்கா?" என்று வந்து கேட்பார்கள். தெரியாது என்று சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கும். விடியும்போது துணியை எடுப்போம். அந்த இரவு நீளமாக இருந்தது என்று எழுதாத ஒரு நோட்டுப் புத்தகத்தைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. உங்கள் முகாமில் இந்தப் பயிற்சி இல்லையென்றால் நீங்களே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள், செலவு ஒரு துணிதான்.

இரண்டாம் நாள்

எழுந்ததும் சட்டென்று நிற்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழுந்திருங்கள். கல்லீரலில் சேமித்து வைத்திருந்த சர்க்கரை இதற்குள் பெரும்பகுதி கரைந்திருக்கும், உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்திருக்கும். வாயில் ஒரு மாதிரி வாடை வருவது அதனால்தான். பல் துலக்கலாம், ஆனால் சூயிங்கம் மெல்ல வேண்டாம், அது பசியைத்தான் கிளறும்.

எங்களோடு வந்த முஸ்லிம் தோழிகளைப் பார்த்துத்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். ரமலான் மாதம் முழுக்கப் பகலில் நோன்பிருந்து பழகியவர்கள், பதறமாட்டார்கள். மெதுவாக நடப்பார்கள், குறைவாகப் பேசுவார்கள், நிழலில் உட்காருவார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நாள்கணக்கில் விரதம் இருந்த அண்ணன்மாரும் அப்படியே. அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

தலை சுற்றுவது, எரிச்சல் வருவது, சோம்பல் எல்லாம் இயல்பு. குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், வாந்தி, கடுமையான வயிற்று வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே சொல்லிவிட்டு ஏதாவது இனிப்பாகக் குடியுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு வந்தால் அவர் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே போய்ச் சொல்லுங்கள். இதற்காகவே இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவரையொருவர் கவனிக்கச் சொல்வோம்.

காலையில் வழக்கமாக நடக்கும் பயிற்சி காகிதப் பை ஒட்டுவது. ஐந்து பேர் ஒரு குடும்பம். பழைய நாளிதழும் மாவுப் பசையும் தருவோம். பத்துப் பை ஒட்டினால் ஒரு சீட்டு. வாடகை, தண்ணீர், அரிசி, பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்தச் சீட்டில்தான் கட்டவேண்டும். பசித்த கை மெதுவாகத்தான் மடிக்கும். பசை சரியாக ஒட்டாத பையைக் 'கடைக்காரர்' தூக்கிப் போடுவார். எல்லாரும் நிறையப் பை கொண்டுவர ஆரம்பித்ததும், இனிமேல் பதினைந்து பைக்குத்தான் ஒரு சீட்டு என்பார். அரிசி மேசைமேல் இருக்கும், எல்லாரும் பார்க்கிற மாதிரி. வாங்கச் சீட்டு இருக்காது. 1943 வங்கப் பஞ்சத்தை ஒன்பது வயதில் கண்ணால் பார்த்த அமர்த்தியா சென், பிற்காலத்தில் பொருளாதார அறிஞராகி ஆராய்ந்து சொன்னதும் இதுதான். உணவு இல்லாததால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, இருக்கிற உணவை வாங்கும் சக்தி கூலிக்காரனுக்கு இல்லாமல் போவதாலும் வருகிறது. இலட்சக்கணக்கில் மக்கள் மாண்ட பஞ்சம் அது.

ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கணக்குப்படி 2024-இல் உலகில் 67 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பசியில் இருந்தார்கள். இந்த எண்ணைக் கேட்டதும் ஆப்பிரிக்கா என்று நினைக்கிறோம். நம் ஊரையும் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்று இருந்த வறுமைக் கோட்டை 2020-இல் அரசு 2,208 ரிங்கிட்டாகத் திருத்தியது. அதுவரை 0.4 விழுக்காடு என்று சொல்லப்பட்ட வறுமை 5.6 விழுக்காடு என்று ஆனது. கோலாலம்பூரில் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் யுனிசெஃப் எடுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் இல்லை. சோறும் சோயா சாஸும், உடனடி மீயும் சாப்பிட்டு வயிறு நிறைந்த பிள்ளைகள். இந்த வகைப் பசியை 30 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து நாம் உணர முடியாது. அந்த வீடுகளில் வேலை செய்யும் ஒருவரைப் பேச அழையுங்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் நான் எப்போதும் கேட்பேன்.

ஆறு மணி

கடைசி ஒரு மணி நேரத்தில் மணி எண்ணுவார்கள், கைதட்டுவார்கள், சிலர் அழுவார்கள். அந்தக் கூட்டத்தில் நிற்பது உண்மையாகவே மகிழ்ச்சியான விஷயம், அனுபவியுங்கள். ஆனால் முதல் வாய் சாப்பிடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று நோட்டில் எழுதிவிடுங்கள். ஒரு தட்டு கஞ்சி உள்ளே போனதும் பசி எப்படி இருந்தது என்பது மறந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் மறக்கிறதே என்று எனக்கு முதல் முறை பயமாகவே இருந்தது.

சாப்பிடும் முறை: முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பேரீச்சம்பழம் அல்லது பாதி வாழைப்பழம். பத்து நிமிடம் கழித்து உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சி, ஒரு கிண்ணம். அரை மணி நேரம் கழித்துத்தான் மற்றது. கோழிக்கறி, சம்பல், பொரித்தது, ஐஸ் தண்ணீர் எல்லாம் மறுநாளைக்கு. அப்பா அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகும் வழியில் கடையில் நிறுத்தி 'பாவம் பிள்ளை' என்று நாசி லெமாக் வாங்கிக் கொடுப்பார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை முதல்

வாக்குக் கொடுத்தவர்களிடம் அந்த வாரமே காசை வாங்கிவிடுங்கள், இரசீதையும் கொடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் இழுத்தால் கொடுப்பவருக்கும் சங்கடம், கேட்கும் உங்களுக்கும் சங்கடம்.

சமூக ஊடகத்தில் எழுதும்போது 'வறுமை என்றால் என்ன என்று உணர்ந்துவிட்டேன்' என்று எழுதாதீர்கள். உங்கள் வகுப்பிலேயே, இடைவேளையில் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் வராமல் நூலகத்துக்குப் போகிற ஒரு பிள்ளை அதைப் படிக்கக்கூடும். தண்ணீர் டப்பாவின் தடத்தைப் பற்றி எழுதுங்கள். காகித வளையத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், அளவுகளைச் சொல்லுங்கள். உங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினால் போதும்.

அந்த நூலகத்துக்குப் போகிற பிள்ளையிடம் "ஏன் சாப்பிடலை?" என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி மீகூன் கட்டிக்கொண்டு போய், "அம்மா நிறைய வச்சிட்டாங்க, என்னால முடியல, பாதி எடுத்துக்கோயேன்" என்று சொல்லுங்கள். என் வகுப்பில் இப்படிச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. மூன்றாவது வாரத்திலிருந்து அம்மாவே இரண்டு டப்பா வைக்க ஆரம்பித்துவிட்டார். அந்தத் தோழி இப்போது செவிலியராக இருக்கிறாள். எங்கள் முகாம்களில் இரவு முழுக்க விழித்திருக்கும் இரண்டு பொறுப்பாளர்களில் ஒருத்தி அவள்தான்.